தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு: முதல்ல எதை இறக்கி வைக்கணும்?

லீவு நாள் முழுக்க படுத்தே கிடந்தும் மறுநாள் காலைல எழுந்தா உடம்பு கல்லு மாதிரி கனக்குது, கண்ணு எரியுது, யாராவது சாதாரணமா ஒரு கேள்வி கேட்டா கூட சுள்ளுன்னு கோவம் வருது, மத்தியானம் ஆனா தலை சாய்க்க இடம் தேடுது, ஆனா ராத்திரி 11 மணிக்கு லைட்ட அணைச்சதும் மட்டும் மூளை பரபரன்னு முழிச்சுக்குது. இப்படியே மாசக்கணக்கா ஓட்டிக்கிட்டு இருக்கறவங்களுக்காக தான் இத எழுதறேன். சோம்பேறித்தனம்னு மத்தவங்க சொல்லி சொல்லி அவங்களே அத நம்ப ஆரம்பிச்சிருப்பாங்க, எனக்கு அது தான் ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா நான் பாத்த வரைக்கும் இந்த களைப்புல மாட்டறவங்க அளவுக்கு மீறி உழைச்சவங்க, வீட்டுல நோயாளிய பாத்துக்கிட்டவங்க, யார் எத கேட்டாலும் முடியாதுன்னு சொல்லத் தெரியாதவங்க.

உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா தான் எத மாத்தணும்னு புரியும், அதனால அங்கருந்தே ஆரம்பிக்கலாம்.

ரோட்ட கடக்கும்போது ஒரு வண்டி திடீர்னு பக்கத்துல வந்து பிரேக் போட்டு நிக்குதுன்னு வைங்க. யோசிக்கறதுக்கு முன்னாடியே பின்னாடி குதிச்சிருப்பீங்க. நெஞ்சு படபடன்னு அடிக்கும், வாய் வறண்டு போகும், உள்ளங்கை வேர்க்கும். அட்ரினலின்ங்கற ஹார்மோன் சில நொடிக்குள்ள ரத்தத்துல கலந்து இதயத்த வேகமா அடிக்க வைக்குது, கல்லீரல் சேத்து வச்சிருக்கற சர்க்கரைய ரத்தத்துல விடுது, தசைக்கு ரத்தம் கூடுதலா போகுது, ஜீரணம் மாதிரி அப்புறம் பாத்துக்கலாம்ங்கற வேலையெல்லாம் ஓரங்கட்டப்படுது. 1915லயே வால்டர் கேனன்ங்கற அமெரிக்க உடலியல் ஆராய்ச்சியாளர் இத விவரமா எழுதிட்டார், சண்டை போடு இல்லன்னா தப்பிச்சு ஓடுன்னு இன்னிக்கு எல்லாரும் சொல்றது இதத்தான்.

இதுக்கு பின்னாலயே மெதுவா ரெண்டாவது அலை ஒண்ணு வரும். மூளைல இருக்கற ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கு சொல்லும், பிட்யூட்டரி கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பிக்கு சொல்லும், அங்கருந்து கார்ட்டிசால்ங்கற ஹார்மோன் வரும். பிரச்சனை ஆரம்பிச்சு 20, 30 நிமிஷம் கழிச்சு தான் இது உச்சத்துக்கு போகும். கார்ட்டிசால்னாலே விஷம் மாதிரி நிறைய பேர் பேசறாங்க, அது தப்பு. தினமும் காலைல நம்மள எழுப்பி நடமாட வைக்கறதுல அதுக்கு பெரிய பங்கு இருக்கு, கண்ணு முழிச்ச அரை மணி நேரத்துல அது இன்னும் கொஞ்சம் ஏறி அப்புறம் பகல் முழுக்க இறங்கிக்கிட்டே வந்து நடு ராத்திரி வாக்குல ரொம்ப கம்மியா இருக்கும். இன்னொண்ணு, கார்ட்டிசால் போதுமான அளவு வந்ததும் அதுவே மூளைக்கு போய் 'வந்தாச்சு, நிறுத்திக்கோ'ன்னு சொல்லிடும். அதாவது ஆக்சிலேட்டரோட சேர்ந்தே பிரேக்கும் வச்சு தான் உடம்பு படைக்கப்பட்டிருக்கு.

வண்டி போயிடுச்சு, கொஞ்ச நேரத்துல எல்லாம் அடங்கிடும். ஆனா கடன் போகாது, படுத்த படுக்கையா இருக்கற அப்பாவோட உடம்பு ஒரு ராத்திரில சரியாகாது, எந்நேரமும் மெசேஜ் அனுப்பற மேலதிகாரி நாளைக்கும் இருப்பார். நிஜமான வண்டிக்கும் மனசுல ஓடற கவலைக்கும் உடம்பு ஒரே அலாரத்த தான் அடிக்குது. அலாரம் அடிச்சுக்கிட்டே இருந்தா பிரேக் போடற சிஸ்டம் மெல்ல மெல்ல மந்தமாயிடுது, ராத்திரி இறங்க வேண்டியது சரியா இறங்கல, காலைல ஏற வேண்டியது சரியா ஏறல. பகல்ல தூங்கி வழியறதுக்கும் ராத்திரி கொட்ட கொட்ட முழிச்சிருக்கறதுக்கும் இந்த குளறுபடி ஒரு முக்கியமான காரணம்.

ஹான்ஸ் செல்யேன்னு ஒரு விஞ்ஞானி, கனடால மான்ட்ரியல்ல வேலை பாத்தவர். எலிகள குளிர்ல வச்சார், அளவுக்கு மீறி ஓட வச்சார், காயப்படுத்தினார், மருந்து குடுத்தார். கஷ்டம் வேற வேறயா இருந்தாலும் உடம்புக்குள்ள நடந்த மாற்றம் ஒரே மாதிரி இருந்துச்சு, அட்ரினல் சுரப்பி பெருசாச்சு, எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்ட தைமஸ் சுரப்பி சுருங்கிச்சு, வயித்துல புண்ணு வந்துச்சு. 1936ல நேச்சர் இதழ்ல இத ஒரு சின்ன கட்டுரையா போட்டார். முதல்ல அலாரம், அப்புறம் தாக்குப் பிடிக்கறது, கடைசில ஓஞ்சு போறதுன்னு மூணு கட்டமா பிரிச்சார். பின்னாடி 1993ல புரூஸ் மெக்இவன், எலியட் ஸ்டெல்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் தெளிவா ஒண்ணு சொன்னாங்க: நம்மள காப்பாத்தறதுக்காக ஓடற அதே சிஸ்டம் ஓயாம ஓடினா அந்த ஓட்டமே உடம்ப தேய்ச்சிடுது, அந்த தேய்மானம் ஒண்ணு மேல ஒண்ணா சேர்ந்துக்கிட்டே போகுது.

தேய்மானம்னா ஏதோ மனசு சம்பந்தப்பட்டதுன்னு நினைச்சிடாதீங்க. 1995ல ஒரு ஆராய்ச்சில, ஞாபக மறதி நோய் வந்த சொந்தக்காரங்கள வீட்டுல வச்சு பாத்துக்கிட்ட 13 பெண்களுக்கும் அதே வயசுல அந்த பாரம் இல்லாத 13 பேருக்கும் தோல்ல ஒரே அளவு சின்ன காயம் பண்ணி எத்தன நாள்ல ஆறுதுன்னு கணக்கெடுத்தாங்க. பாரம் சுமந்தவங்களுக்கு காயம் ஆற சராசரியா 9 நாள் அதிகமா ஆச்சு. தோலுக்கே இந்த நிலைமைன்னா மூளைக்கும் இதயத்துக்கும் வயித்துக்கும் எப்படி இருக்கும்னு யோசிச்சு பாருங்க. அடிக்கடி சளி பிடிக்கறது, வயித்து கோளாறு, கழுத்தும் தோளும் இறுகி கிடக்கறது, வார்த்தை ஞாபகம் வராம தடுமாறறது, இதெல்லாம் நீங்களா கற்பனை பண்ணிக்கிட்டது கிடையாது.

இங்கயே ஒரு எச்சரிக்கை சொல்லிடறேன். 'அட்ரினல் சுரப்பி களைச்சுப் போச்சு, அதுக்கு இந்த மாத்திரை, இந்த பவுடர்'னு விக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. அப்படி ஒரு நோய ஹார்மோன் டாக்டர்கள் ஏத்துக்கறதே இல்ல. 2016ல அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சிகள எல்லாம் திரட்டி பாத்தும் அதுக்கு ஆதாரம் கிடைக்கல. அடிசன் நோய்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு, அதுல அட்ரினல் சுரப்பி போதுமான ஹார்மோன சுரக்காது, ஆனா அது அரிதான, தீவிரமான நோய், டாக்டர் டெஸ்ட் பண்ணி கண்டுபிடிச்சு மருந்து குடுக்க வேண்டியது, பவுடரால தீர்றது கிடையாது. உங்க களைப்பு உண்மை, அதுக்கு அவங்க சொல்ற காரணம் தான் பொய். அந்த காச மிச்சம் பண்ணுங்க.

முதல்ல டாக்டர்கிட்ட போயிட்டு வாங்க

வாழ்க்கை முறைய மாத்தறேன்னு இறங்கறதுக்கு முன்னாடி இத பண்ணியே ஆகணும், இத தாண்டி போறவங்க தான் ஜாஸ்தி. களைப்புங்கறது நூறு நோய்க்கு பொதுவான அறிகுறி. இரும்புச்சத்து குறைஞ்ச ரத்த சோகை, தைராய்டு சரியா சுரக்காதது, சர்க்கரை நோய், பி12 குறைபாடு, கிட்னி, கல்லீரல் கோளாறு எதுல வேணாலும் இப்படி ஓஞ்சு போகும், நிறைய விஷயம் சாதாரண ரத்தப் பரிசோதனைலயே தெரிஞ்சிடும். குறட்டை பலமா விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு பக்கத்துல படுக்கறவங்க சொன்னா அது தூக்கத்துல மூச்சுத் தடை படற நோயா இருக்கலாம், அவங்க எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்காத மாதிரி தான் இருப்பாங்க. காரணமே இல்லாம எடை குறையறது, விட்டு விட்டு காய்ச்சல், நெஞ்சு வலி, படி ஏறினா மூச்சு வாங்கறது இருந்தா தள்ளிப் போடாதீங்க. எதுலயுமே சந்தோஷம் இல்ல, வாழ்ந்து என்ன பிரயோஜனம்ங்கற எண்ணம் வருதுன்னா அது மன அழுத்த நோயா இருக்கலாம், அதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு, அன்னிக்கே யார்கிட்டயாவது வாய் திறந்து சொல்லுங்க, டாக்டர பாருங்க.

இன்னொரு வகைய தனியா சொல்லணும். சில பேருக்கு, முக்கியமா ஏதாவது வைரஸ் காய்ச்சல் வந்து போனதுக்கு அப்புறம், கொஞ்சம் வேலை செஞ்சாலே ஒரு நாளோ ரெண்டு நாளோ கழிச்சு அப்படியே சாய்ஞ்சிடுவாங்க, எழுந்து குளிக்கவே முடியாது. ஆறு மாசத்துக்கு மேல இப்படியே இருந்தா நாள்பட்ட சோர்வு நோயான்னு டாக்டர் பாக்கணும். இது ஸ்ட்ரெஸ்ஸால வர்ற களைப்புலருந்து வேற. இவங்கள 'கொஞ்சம் கொஞ்சமா உடற்பயிற்சிய கூட்டு, சரியாயிடும்'னு தள்ளினா இன்னும் மோசமாகும், இங்கிலாந்தோட மருத்துவ வழிகாட்டுதல்ல கூட 2021ல அந்த மாதிரி படிப்படியா கூட்டற உடற்பயிற்சி சிகிச்சைய குடுக்கக்கூடாதுன்னு மாத்திட்டாங்க. அதனால கீழ நடை பத்தி நான் சொல்லப் போறது இவங்களுக்கு பொருந்தாது, இருக்கற சக்திக்குள்ள அளந்து செலவு பண்றது தான் இவங்களுக்கு வழி.

ஏத்தறத நிறுத்துங்க, முதல்ல இறக்குங்க

டெஸ்ட் எல்லாம் நார்மல், 'ஸ்ட்ரெஸ்ஸ குறைங்க'ன்னு டாக்டர் ஒரு வரில சொல்லி அனுப்பிட்டார்னு வைங்க. உடனே எல்லாரும் என்ன பண்றாங்க? விடிகாலை 5 மணிக்கு எழுந்திரு, ஜிம்முக்கு போ, தியானம் பண்ணு, டைரி எழுது, சர்க்கரைய விடு, பத்தாயிரம் அடி நட. ஏற்கனவே முடியாம இருக்கற ஆளுக்கு ஆறு வேலை புதுசா! பத்து நாள் பண்ணுவாங்க, பதினோராம் நாள் விட்டுப் போகும், அப்புறம் 'என்னால இது கூட முடியல'ங்கற குத்த உணர்ச்சி ஏழாவது பாரமா வந்து உக்காந்துக்கும். மயிலிறகா இருந்தாலும் ஏத்திக்கிட்டே போனா வண்டி அச்சு முறியும்னு நம்ம ஆளுங்களுக்கு எப்பவோ தெரியும். நல்ல பழக்கமும் பாரம் தான், தாங்கற நிலைமைல இல்லாதவங்களுக்கு.

அதனால முதல் ரெண்டு வாரம் புதுசா எதுவுமே சேர்க்காதீங்கன்னு தான் நான் சொல்லுவேன். ஒரு பேப்பர் எடுத்து இப்ப உங்க தலைல இருக்கறத எல்லாம் எழுதுங்க. செய்யற வேலை மட்டும் போதாது, ஞாபகம் வச்சுக்கற வேலையும் எழுதணும், யாருக்கு எப்ப மாத்திரை, எந்த பில்லுக்கு எப்ப கடைசி தேதி, யாருக்கு பதில் சொல்லல, எந்த ஃபங்ஷனுக்கு போகலன்னா யார் கோவிச்சுப்பாங்க, எல்லாம். வெளிய தெரியாத இந்த பாரம் தான் நிறைய வீட்டுல ஒருத்தர் தலைல மட்டும் கிடக்கும். எழுதி முடிச்சுட்டு எத விட்டுடலாம், எத மூணு மாசம் தள்ளலாம், எத இன்னொருத்தர்கிட்ட குடுக்கலாம், எத சுமாரா செஞ்சா போதும்னு ஒவ்வொண்ணா பாருங்க. கடைசில சொன்னது தான் கஷ்டம், ஏன்னா சுமாரா செய்யறது நிறைய பேருக்கு தோல்வி மாதிரி தோணும். ஆனா வீடு பளபளன்னு இல்லாம இருக்கறதால யாருக்கும் உயிர் போயிடாது.

இன்னொருத்தர்கிட்ட குடுக்கும்போது முழுசா குடுங்க. 'நீ பண்ணு, நான் ஞாபகப்படுத்தறேன்'னு சொன்னா பாரம் பாதி உங்ககிட்டயே இருக்கு.

வேலை செய்யற இடத்துல இது இன்னும் சிக்கல். 1979ல ராபர்ட் காரசெக்னு ஒரு ஆராய்ச்சியாளர் சொன்ன விஷயம் இங்க முக்கியம், வேலை ஜாஸ்தியா இருக்கறது மட்டும் ஆள சாய்க்காது, வேலையும் ஜாஸ்தி, அத எப்ப எப்படி செய்யறதுன்னு முடிவு பண்ற உரிமையும் கைல இல்லங்கற நிலைமை தான் ரொம்ப மோசம்னு அவர் காட்டினார். அதனால மேலதிகாரிகிட்ட பேசும்போது 'எனக்கு ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு'ன்னு பொதுவா சொல்றத விட 'இந்த நாலு வேலைல இந்த வாரம் ரெண்டு தான் நல்லபடியா முடியும், எந்த ரெண்டு முக்கியம்னு சொல்லுங்க'ன்னு கேளுங்க, ராத்திரி எத்தன மணிக்கு மேல பதில் எதிர்பாக்க வேணாம்னு பேசி வச்சுக்குங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல பர்ன்அவுட்ட சரியா சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தால வர்ற ஒண்ணுன்னு விளக்கம் குடுத்துச்சு, சக்தி வத்திப் போறது, வேலை மேல வெறுப்போ விலகலோ வர்றது, செய்யற வேலைல திறமை குறைஞ்ச மாதிரி ஆகறதுன்னு மூணு அடையாளமும் சொல்லிச்சு. வேலை சூழ்நிலை மாறாம தொழிலாளி மட்டும் மூச்சுப் பயிற்சி பண்ணி சரியாகணும்னு எதிர்பாக்கறது நியாயமே இல்ல.

வேலைய விட்டு வீட்டுக்கு வந்தாலும் வேலை நம்மள விடாது, அது இன்னொரு பிரச்சனை. சபீன் சோனென்டாக், ஷார்லட் ஃப்ரிட்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2007ல ஓய்வு நேரத்துல எது நிஜமாவே நம்மள மீட்குதுன்னு நாலு விஷயத்த பிரிச்சு சொன்னாங்க: மனசால வேலைலருந்து கழண்டு போறது, உடம்பு தளர்றது, புதுசா ஒண்ண கத்துக்கிட்டு அதுல தேர்றது, அந்த நேரத்துல என்ன செய்யறதுன்னு நாமளே முடிவு பண்றது. சோஃபால சாய்ஞ்சுக்கிட்டு மூணு மணி நேரம் ஃபோன தள்ளிக்கிட்டே இருந்தா இந்த நாலுல ஒண்ணாவது நடக்குதான்னு யோசிங்க. நடுவுல ஆஃபீஸ் மெசேஜ் ஒண்ணு கண்ணுல பட்டா போதும், உடம்பு உக்காந்திருக்கும், அலாரம் ஓட ஆரம்பிச்சிடும். ஒரு செடிக்கு மண்ணு மாத்தறது, படம் வரையறது, வாத்தியம் கத்துக்கறது, இதெல்லாம் கொஞ்சம் உழைப்பு கேட்டாலும் முடிக்கும்போது ஆள் லேசா இருப்பாங்க.

தூக்கம்: எழுந்திரிக்கற நேரத்த பிடிங்க

சீக்கிரம் படுங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. படுக்கறது நம்ம கைல இருக்கு, தூக்கம் வர்றது நம்ம கைல இல்ல. அலெக்சாண்டர் போர்பேலிங்கற தூக்க ஆராய்ச்சியாளர் 1982ல சொன்ன கணக்கு ஒண்ணு இருக்கு, இன்னிக்கும் தூக்க டாக்டர்கள் அத தான் அடிப்படையா வச்சுக்கறாங்க. தூக்கத்த ரெண்டு விஷயம் நடத்துது. முழிச்சிருக்கற ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கிட்டே போற தூக்கப் பசி ஒண்ணு, அடினோசின்ங்கற பொருள் மூளைல சேர்றது இதுல முக்கியம். இன்னொண்ணு வெளிச்சத்த வச்சு ஓடற உடம்புக்குள்ள இருக்கற கடிகாரம். ரெண்டும் ஒத்து வந்தா தூக்கம் வரும். லீவு நாள்ல 10 மணி வரைக்கும் தூங்கிட்டு அன்னிக்கு ராத்திரி 10 மணிக்கு தூக்கம் வரலயேன்னா எப்படி வரும், பசியே ஏறல, கடிகாரமும் தள்ளிப் போயிடுச்சு.

அதனால எல்லா நாளும் ஒரே நேரத்துக்கு எழுந்திரிங்க, லீவு நாள்னா கூட ஒரு மணி நேரத்துக்கு மேல தள்ளாதீங்க. எழுந்ததும் வெளிச்சத்துக்கு போங்க, வீட்டு லைட்ட விட வெளிய மேகமூட்டமா இருந்தாலும் வெளிச்சம் பல மடங்கு ஜாஸ்தி, கண்ணுல அது பட்டா தான் கடிகாரம் செட் ஆகும். புதுசா எதுவும் சேர்க்காதீங்கன்னு சொன்னேன்ல, அதுக்கு நான் வைக்கற ஒரே விதிவிலக்கு இது தான். கைக்குழந்தை இருக்கறவங்களுக்கும் ராத்திரி ஷிப்ட் பாக்கறவங்களுக்கும் இத அப்படியே சொல்றது கொடுமை, அவங்க எவ்வளவு முடியுமோ அவ்வளவு, முடிஞ்சா வாரத்துல ரெண்டு ராத்திரியாவது குழந்தைய இன்னொருத்தர் பாத்துக்கற ஏற்பாடு பண்ணிக்குங்க.

காபி, டீ விஷயம். காஃபின் நமக்கு சக்தி குடுக்கறது இல்ல, அடினோசின் போய் உக்கார வேண்டிய இடத்துல போய் தான் உக்காந்துக்கிட்டு களைப்ப மறைக்குது. குடிச்சதுல பாதி வெளியேற சராசரியா 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும். 2013ல பண்ண ஒரு ஆராய்ச்சில படுக்கறதுக்கு 6 மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவங்களுக்கே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல குறைஞ்சுது, அது பெரிய அளவு தான், ஆனாலும் அவ்வளவு முன்னாடி எடுத்ததே இந்த வேலைய பண்ணுதுங்கறத கவனிங்க. களைப்புக்கு காபி, காபியால தூக்கம் கெட்டு மறுநாள் களைப்பு, அதுக்கு இன்னும் காபி. மத்தியானத்துக்கு அப்புறம் வேணாம்னு வச்சுக்குங்க, ஒரேயடியா நிறுத்தினா தலைவலி வரும், ஒரு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. மது குடிச்சா தூக்கம் சீக்கிரம் வர்ற மாதிரி இருக்கும், பின்ராத்திரில தூக்கத்த துண்டு துண்டாக்கிடும்.

படுத்து ஒரு 20 நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரலன்னா (கடிகாரத்த பாக்காதீங்க, சும்மா குத்துமதிப்பா) எழுந்து வேற இடத்துல மங்கலான வெளிச்சத்துல உக்காருங்க, கண்ணு சொக்கினதும் திரும்ப வாங்க. படுக்கைன்னா முழிச்சு கவலைப்படற இடம்னு மூளை கத்துக்கிட்டதா, அத மறக்க வைக்கணும், ரெண்டு மூணு வாரம் பிடிக்கும். கவலை ஓடிக்கிட்டே இருக்கறவங்க படுக்கறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் நாளைக்கு செய்ய வேண்டியத எழுதி வச்சு பாருங்க. 2018ல 57 பேர வச்சு பண்ண ஒரு ஆராய்ச்சில, செஞ்சு முடிச்ச வேலைய எழுதினவங்கள விட செய்ய வேண்டியத எழுதினவங்க சுமார் 9 நிமிஷம் சீக்கிரமா தூங்கினாங்க. சின்ன எண்ணிக்கை தான், ஆனா ஒரு பேனாவும் பேப்பரும் தான செலவு.

'எனக்கு 6 மணி நேரம் போதும், பழகிடுச்சு'ன்னு சொல்றவங்க கொஞ்சம் கவனிங்க. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல 2003ல பண்ண சோதனைல 14 நாள் தொடர்ந்து ராத்திரி 6 மணி நேரம் மட்டும் படுக்க விட்டவங்களோட கவனம் நாளுக்கு நாள் இறங்கி, கடைசில ராத்திரி முழுக்க தூங்காதவங்க அளவுக்கு போயிடுச்சு. ஆனா எவ்வளவு தூக்கமா இருக்குன்னு அவங்ககிட்ட கேட்டா முதல் சில நாளுக்கு அப்புறம் பெருசா ஒண்ணும் இல்லன்னு தான் சொன்னாங்க. களைப்புக்கு பழகறது வேற, களைப்பில்லாம இருக்கறது வேற. பெரியவங்களுக்கு 7 மணி நேரமாவது வேணும்னு தான் தூக்க மருத்துவர்கள் சங்கங்கள் சொல்றாங்க.

சாப்பாட்ட பத்தி நான் ரொம்ப பேசப் போறதில்ல. வேளை தவறாம சாப்பிடுங்க, புரதம் இருக்கட்டும், இந்த நேரத்துல எடை குறைக்கற கடுமையான டயட்டுல இறங்காதீங்க, பட்டினியும் உடம்புக்கு ஒரு அலாரம் தான். டெஸ்ட்ல குறைன்னு வராம இரும்பு மாத்திரை போடாதீங்க. அவ்வளவு தான்.

மூச்சு பத்தி மட்டும் ஒண்ணு, ஏன்னா இத நீங்களே இப்பவே சோதிச்சு பாக்கலாம். மணிக்கட்டுல நாடிய பிடிச்சுக்கிட்டு மெதுவா மூச்ச இழுங்க, அப்புறம் அத விட நீளமா மெதுவா விடுங்க. இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் தணியும், நிறைய பேருக்கு கைல தெரியும். வேகஸ்ங்கற நரம்பு இதயத்துக்கு பிரேக் போடறது அது. 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விட்டா நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும், ஒரு 5 நிமிஷம் போதும். இத பண்ணா மட்டும் எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல, ஆனா அலாரத்த தணிக்க கைல ஒரு வழி இருக்குன்னு தெரியறதே பெரிய தெம்பு. மூச்ச கவனிச்சா பதட்டம் கூடுதுன்னா விட்டுடுங்க, சில பேருக்கு அப்படி ஆகும்.

நல்ல நாள் தான் ஆபத்து

மீண்டு வர்றவங்க திரும்பத் திரும்ப விழற குழி இது. மூணு வாரம் கழிச்சு ஒரு நாள் எழுந்தா உடம்பு லேசா இருக்கும், மனசு தெளிவா இருக்கும். அடடா சரியாயிடுச்சுன்னு விட்டுப் போன வேலையெல்லாம் ஒரே நாள்ல இழுத்துப் போட்டு செய்வாங்க, அலமாரி அடுக்கி, துணி துவைச்சு, கூட நாலு பேர பாத்துட்டு வந்து, மறுநாள்லருந்து மூணு நாள் படுக்கை. அப்புறம் பயம் வந்து ஒண்ணுமே செய்யாம கிடப்பாங்க, உடம்பு இன்னும் தளர்ந்து போகும், அடுத்த நல்ல நாள் வந்ததும் திரும்ப அதே கதை. இந்த ஏத்த இறக்கத்துல தான் மாசக்கணக்கு போயிடுது. நல்ல நாள்ல முடியும்னு தோணறதுல பாதிய மட்டும் செய்யுங்க, மோசமான நாள்லயும் முடியற சின்ன அளவு ஒண்ண விடாம செய்யுங்க. நடைய இப்படி தான் ஆரம்பிக்கணும். வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது போய் சேர வேண்டிய இடம், கிளம்பற இடம் 7 நிமிஷமா கூட இருக்கலாம். நடந்தப்ப எப்படி இருந்துச்சுங்கறத விட மறுநாள் எப்படி இருக்குன்னு பாருங்க, மறுநாள் சாதாரணமா இருந்தா அடுத்த வாரம் ரெண்டு நிமிஷம் கூட்டுங்க, சாய்ஞ்சுட்டீங்கன்னா அளவு ஜாஸ்தின்னு அர்த்தம், குறைச்சுக்குங்க. சாய்ஞ்சது ரெண்டு மூணு தடவ நடந்தா மேல சொன்ன நாள்பட்ட சோர்வு நோய மனசுல வச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டா, வருஷக்கணக்கா தேய்ஞ்சது வாரத்துல சரியாகாது. ஸ்வீடன்ல இந்த நிலைமைக்குன்னே ஒரு நோய்ப் பெயர் 2005லருந்து அதிகாரபூர்வமா இருக்கு, அங்க சிகிச்சைக்கு வர்றவங்கள்ல சில பேருக்கு வருஷங்கள் கழிச்சும் ஸ்ட்ரெஸ் வந்தா பழைய மாதிரி தாங்க முடியறதில்லன்னு பாத்திருக்காங்க. பயமுறுத்த சொல்லல. மூணாவது வாரத்துல 'ஒண்ணும் மாறலயே'ன்னு விட்டுடக்கூடாதுங்கறதுக்காக சொல்றேன். ஓட்டத்த நிறுத்தின முதல் சில நாள்ல களைப்பு இன்னும் கூடின மாதிரி தோணினாலும் பயந்துடாதீங்க, அதுவரைக்கும் அலாரம் மறைச்சு வச்சிருந்தது வெளிய தெரியுது. முதல்ல திரும்பி வர்றது சக்தியா இருக்கணும்னு கூட இல்ல. குழந்தை ஒரே கேள்விய நாலாவது தடவ கேட்டும் எரிச்சல் வரலன்னு திடீர்னு கவனிப்பீங்க, ஒரு பாட்டு கேட்டு ரசிச்சிருப்பீங்க, படிச்ச பக்கத்தையே திரும்ப படிக்காம அடுத்த பக்கத்துக்கு போயிருப்பீங்க. தேதி போட்டு அத எழுதி வைங்க, மோசமான நாள்ல உங்களுக்கே அது சாட்சி.

அதே நோட்டுல இன்னொரு பக்கத்துல, போன தடவ சாயறதுக்கு முன்னாடி உங்ககிட்ட முதல்ல என்ன மாறிச்சுன்னு எழுதுங்க. ஒருத்தருக்கு ஃபோன் எடுக்கப் பிடிக்காம போகும், ஒருத்தர் ராத்திரி 3 மணிக்கு முழிப்பாங்க, இன்னொருத்தர் சாப்பிட மறந்துடுவாங்க. உங்களோட மூணு அறிகுறிய கூட இருக்கற ஒருத்தர்கிட்ட காட்டி, 'இது தெரிஞ்சா என்கிட்ட சொல்லு, நான் இல்லன்னு சண்டை போட்டாலும் சொல்லு'ன்னு இப்பவே கேட்டுக்குங்க.